அண்ணாந்தக்காவின் வெள்ளை சாக்ஸ்

என் அக்காவின் பாதங்களில் உணர்ச்சி கிடையாது. கணுக்காலுக்குக் கீழே கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. அந்தப் பாதங்களை பூட்ஸுக்குள் நுழைத்துக்கொண்டு அவள் நாளுக்குப் பதினோரு கிலோமீட்டர் நடக்கிறாள். அதுவும் தரையைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்துக்கொண்டு. இதை எழுதும்போதுகூட எனக்கே நம்பிக்கை வர மாட்டேன் என்கிறது.

அவளுக்கு வேலை மின்கம்பி பார்ப்பது. ஊருக்கு வெளியே கைகளை விரித்துக்கொண்டு வரிசையாக நிற்கிற பெரிய இரும்பு டவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் முப்பத்து நான்கு டவர்கள் அக்காவின் பங்கு. காலையில் ஆபீஸ் ஜீப் முதல் டவரில் இறக்கிவிடும், மாலையில் கடைசி டவரில் ஏற்றிக்கொள்ளும். இடையில் மேடு, பள்ளம், முட்புதர், ஓடைக்கல் எல்லாம் அவள் பாடு. ஒவ்வொரு டவரிலும் கம்பியைத் தாங்குகிற பீங்கான் தட்டு எதுவும் உடைந்திருக்கிறதா, எவனாவது நட்டைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறானா, மரக்கிளை கம்பியை நோக்கி வளர்ந்திருக்கிறதா என்று கழுத்தில் தொங்கும் பைனாகுலரால் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். கழுத்து எப்போதும் மேலே நிமிர்ந்திருப்பதால் ஆபீஸில் அவளுக்கு அண்ணாந்தக்கா என்று பேர். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. என் கல்யாண வீடியோவில் எல்லோரும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பூட்ஸ் கடை வைத்திருக்கிறேன். தொழிற்சாலைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், காவலாளிகள் எல்லோரும் நம்மிடம்தான். ஒருவர் கடைக்குள் நுழைந்து ஸ்டூலில் உட்காருவதற்குள் அவர் காலளவைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள் நான். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு வரப்போகிற விஷயத்துக்கு இது தேவைப்படும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்கா கடைக்கு சாக்ஸ் வாங்க வருவாள். வந்த உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, வெள்ளை இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துப் போடு," என்பாள். மற்றவர்கள் சாக்ஸ் வாங்க இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.

முதலில் சாக்ஸுக்குள் கையை விட்டு, குதிகால் வருகிற இடத்தில் முஷ்டியை மடக்கி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பாள். "எங்கெல்லாம் வெளிச்சம் கசியுதோ அங்கெல்லாம் ரெண்டு மாசத்துல ஓட்டை," என்பாள். இதில் பாதி கழிந்துவிடும். மிச்சத்தின் வாய்ப்பட்டையை ஒவ்வொன்றாகத் தன் முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொண்டு ஒரு டீ குடிப்பாள். குடித்து முடித்துக் கழற்றும்போது தோலில் தடம் பதிந்திருந்தால் அதுவும் போச்சு, ரத்த ஓட்டத்தை நெரிக்கும் என்பாள். தப்பிப் பிழைத்ததை உள்புறம் வெளியே வருமாறு திருப்புவாள். விரல் நுனியில் துணியை இணைத்துத் தைத்திருக்கும் அந்தத் தையலை, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் வைத்து மெதுவாக இழுப்பாள்.

கடையில் நாலு பேர் இருக்கும்போது இதைச் செய்வாள். என் மானம் கப்பலேறும்.

கடைசியில் நாற்பது ஜோடியில் நாலு ஜோடி தேறும். அந்த நாலையும் உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பியே போட்டுக்கொள்வாள், தையல் காலில் உரசாமல் இருக்க. செம்மண் புழுதியில் நடக்கிறவளுக்கு வெள்ளை சாக்ஸ் எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை.

"அக்கா, இது ஸ்கூல் பிள்ளைங்க போடுறது."

"எனக்கு இதான்டா சரி. வெள்ளைன்னா தெரியும்ல."

"தெரியக் கூடாதுன்னுதான் ஊரு உலகமே கறுப்பு வாங்குது!"

அவள் சிரித்துவிட்டு, கழித்துப் போட்ட முப்பத்தாறு ஜோடியையும் ஒழுங்காக மடித்து டப்பாவில் அடுக்கித் தருவாள். நான் ஒருநாளும் "ஏன் தெரியணும்?" என்று கேட்டதில்லை.

கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். யாருக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். அது ஆறு வருஷத்துக்கு முன்பே அவள் பாதங்களின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது எனக்குத் தெரியாது. கைவிரல் நுனிகளும் மங்கிவிட்டதால்தான் தையலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள் என்பதும் தெரியாது. ஆபீஸுக்குத் தெரியும். ஆபீஸ் டாக்டர் ஒவ்வொரு வருஷமும் பாதத்தைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வாராம்: "புண்ணு இல்லாத வரைக்கும் நடங்க. புண்ணு வந்து ஆறலைன்னா ஆபீஸ்ல டெலிபோன் நாற்காலி."

அக்காவுக்கு, நாள் முழுக்க உட்கார்ந்து போன் எடுக்கிற அந்த நாற்காலியை நினைத்தாலே மூச்சு முட்டும். இருபத்தாறு வருஷம் வெட்டவெளியில் நடந்தவள் அவள்.

புண் வந்தால் வலிக்கும், வலித்தால் பார்ப்போம் என்பது நம்மைப் போன்றவர்களின் வழி. அவளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோய் முழுசாக மடங்காது, உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க முடியாது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வீட்டில் இருக்கும் நாட்களில் டார்ச் அடித்து விரலிடுக்கு வரைக்கும் பார்த்துவிடுவார். ஆனால் அவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அந்த நாட்களில் அவளுக்குச் சொல்ல ஆள் யார்? சாக்ஸ்தான். மாலையில் கழற்றி, விளக்கடியில் பிடித்து, உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பாள். காலில் எங்கே கசிந்தாலும் வெள்ளையில் தெரிந்துவிடும். தன் கால் தன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்ட பிறகு, அதைப் பேசவைக்க இப்படி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்து இல்லை. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

அன்று கடையில் ஒரு கான்ட்ராக்டர் முப்பது ஜோடி பூட்ஸுக்கு ஆர்டர் கொடுக்க உட்கார்ந்திருந்தார். அக்கா ஸ்டூலில் கண்ணை மூடிக் கன்னத்தில் சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்டர் என் பக்கம் சாய்ந்து, "என்னங்க, அந்தம்மா சாக்ஸுக்கு முத்தம் குடுக்குறாங்க?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் என் அக்கா என்று சொல்லவில்லை.

அவர் போன பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது. என் மேல் வந்திருக்க வேண்டிய ஆத்திரம் அவள் மேல் பாய்ந்தது.

"போதும் அக்கா! எத்தனை வருஷமா இந்தக் கூத்து? கடையில இருக்கிறதுலயே உசந்த சாக்ஸ் தரேன், அதைப் போடு. கம்பளி மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கும். வியர்வையை அப்படியே இழுத்துக்கும். கால் ராணி மாதிரி இருக்கும்."

கருநீலத்தில் ஆறு ஜோடி எடுத்து அவள் மடியில் போட்டேன். வெள்ளை டப்பாவைக் காலாலேயே மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

அக்கா அந்தக் கருநீலத்தைத் தடவிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "தம்பி குடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன்," என்று பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. தடித்த சாக்ஸ் விற்கிறாயா, பூட்ஸைக் கொண்டுவரச் சொல். மெல்லிய சாக்ஸுக்குக் கச்சிதமாக இருக்கிற பூட்ஸில் தடித்ததைப் போட்டால் விரல்கள் நெரிபடும். இதை நான் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மூச்சு விடாமல் சொல்வேன். கூடப் பிறந்தவளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. வேறு யாருக்கும் அது நாள் முழுக்க வலித்திருக்கும். மதியத்துக்குள் கழற்றி எறிந்துவிட்டு, மறுநாள் கடைக்கு வந்து என்னைத் திட்டியிருப்பார்கள். அக்காவுக்கு வலிக்கவில்லை. அவள் நடந்தாள்.

ஐந்து நாள் நடந்தாள். மாமா அந்த வாரம் நெடுந்தூரப் பயணத்தில் இருந்தார். ஒவ்வொரு மாலையும் அக்கா கருநீல சாக்ஸைக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கருநீலம் கருநீலமாகவே இருந்தது. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று நான் பெருமையடித்த அந்தத் துணி, கேட்ட வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. ஆறாம் நாள் காலை மாமா வந்து டார்ச் அடித்தார். அடுத்து எனக்கு போன் வந்தது.

"மாப்ள, ஆஸ்பத்திரிக்கு வா. உங்கக்கா கால்ல ரெண்டாவது விரலு... நீயே வந்து பாரு."

போனேன். பார்த்தேன். ஆயிரக்கணக்கான கால்களைப் பார்த்தவன், ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கட்டிலில் சாய்ந்து, வழக்கம்போல மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, அந்த ஃபேன் போல்ட் லூசா இருக்கு பாரு, நர்ஸ்கிட்ட சொல்லணும்," என்றாள்.

டாக்டரம்மா சாக்ஸை இடுக்கியால் தூக்கிப் பிடித்தார். "சர்க்கரைக் காலுக்கு இந்தக் கலர்ல, இவ்வளவு தடிமன்ல... இதை எந்தப் புண்ணியவான் வாங்கிக் குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க. நானே ஆசைப்பட்டு எடுத்தது," என்றாள் அக்கா. பட்டென்று சொன்னாள், யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் டாக்டரம்மாவும் மாமாவும் சொல்ல எல்லாவற்றையும் கேட்டேன். உணர்ச்சியில்லாத பாதம், வெள்ளை சாக்ஸ், கன்னம், டார்ச், டெலிபோன் நாற்காலி. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ஸ்டூலில் கண்மூடி உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் என் கண்ணில் வந்து நின்றது. நான் சிரித்தது காதில் கேட்டது.

"நான்தாங்க குடுத்தேன்," என்றேன். "அவ பொய் சொல்றா. நான் செருப்புக்கடைக்காரன். நான்தான் குடுத்தேன்."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சந்தோஷம். இனிமே என்ன நடக்கும்னும் கேட்டுக்கங்க. விரல் கறுத்துப்போச்சுன்னா எடுத்துடணும். கறுக்காம ஆறினாலும், அந்தப் புதுத் தோல் நடையைத் தாங்குதான்னு பாக்கணும். தாங்கலைன்னா இவங்க திரும்ப லைனுக்குப் போக முடியாது."

ஏழு வாரம். கட்டு மாற்றும் ஒவ்வொரு நாளும் கடையைச் சாத்திவிட்டுப் போய் வாசலில் நின்றேன். உள்ளே பார்க்கத் தைரியம் வராது, வெளியே நிற்கப் பொறுமை இருக்காது. கறுக்கவில்லை என்று மாமா தலையாட்டினால்தான் எனக்கு உயிர் திரும்பி வரும். இடையில் சூப்பர்வைசர் ஒருநாள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, நல்ல மனுஷன்தான், "அக்கா, கவலையே வேணாம், டெலிபோன் நாற்காலிக்கு மெத்தை போடச் சொல்லிட்டேன்," என்றார். அக்கா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் போன பிறகு ஒரு பழம்கூட உரிக்கவில்லை. அந்த ஏழு வாரத்தில் அவள் முகம் வாடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"எப்படிக்கா நடந்த இத்தனை வருஷம்? கீழ பாக்காம, காலும் தெரியாம?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"முழங்காலு சொல்லுமே. கல்லுல வச்சா ஒரு மாதிரி இடிக்கும், மணல்ல வச்சா ஒரு மாதிரி இறங்கும். அப்புறம் சத்தம். பூட்ஸு சரளைல ஒரு சத்தம், சருகுல ஒரு சத்தம், சேத்துல ஒரு சத்தம். காது கேக்குற வரைக்கும் எனக்குக் காலு இருக்குடா." ஜன்னல் வழியாகத் தெரிந்த கம்பியைப் பார்த்தாள். "பதினேழாவது டவர்கிட்ட ஒரு மரம் கம்பிப் பக்கம் சாஞ்சுட்டே வருது. புதுசா போயிருக்கிறவன் பாத்தானோ என்னமோ."

விரல் போகுமா இருக்குமா என்று தெரியாமல் கிடக்கிறவளுக்குப் பதினேழாவது டவர் கவலை. இந்தப் பெண்ணோடுதான் நான் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தேன் என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

விரல் கறுக்கவில்லை. ஏழாவது வாரக் கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். மெல்லிய ரோஜா நிறத்தில் புதுத் தோல். டாக்டரம்மாவும் ஆபீஸ் டாக்டரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இன்னும் மூன்று வாரம் வீட்டுக்குள் பழகிக்கொண்டு, பிறகு ஒருநாள் லைனில் முழுசாக நடக்கட்டும். மறுநாள் காலை பாதத்தைப் பார்ப்போம். தோல் நின்றால் லைன், பிய்ந்தால் நாற்காலி.

நடைக்கு முந்தின நாள் அக்கா கடைக்கு வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே பூட்ஸைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். பூட்ஸுக்குள் கையை விட்டு மூலைமுடுக்கெல்லாம் தடவினேன், உள்ளட்டையை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். பிறகு வெள்ளை டப்பாவைத் திறந்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அக்கா ஒரு ஸ்டூலிலும் நான் ஒரு ஸ்டூலிலும் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு சாக்ஸைக் கன்னத்தில் இழுத்துப் பார்த்தோம். ஒருவர் விநோதமாகப் பார்த்தார். "எங்கக்காங்க. கால் விஷயத்துல எனக்கு வாத்தியார்," என்றேன். நான் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்த மூன்றையும் அவள் கன்னத்தில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "முடிச்சு இருக்குடா. உனக்குத் தாடி, தெரியாது." மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும், கடுகில் பாதி அளவுக்கு, முடிச்சு இருந்தது. மற்ற இரண்டில் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நான் வியாபாரம் செய்யவில்லை. கடை திறந்திருந்தது, அவ்வளவுதான். மணிக்கொரு தரம் கணக்குப் போட்டேன், இப்போது பத்தாவது டவர், இப்போது இருபது. மாலை ஆபீஸ் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். முழங்கால் வரைக்கும் செம்புழுதி. மாமா வெளியூரில் இருந்தார். "டாக்டர் நாளைக்குப் பாப்பாங்க. அதுக்கு முன்னாடி நீ பாத்துச் சொல்லு," என்று ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

தரையில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன். பூட்ஸ் வந்தது. சாக்ஸின் விரல் பக்கத்தில் ஒரு கறை. சிவப்பு. தலையைத் தூக்கி அவளைப் பார்க்க முடியவில்லை.

"என்னடா, சிவப்பா?" மேலே கடைக் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள். "கயிறு ஓட்டை வழியா மண்ணு போகும். மண்ணுன்னா வெளிய இருக்கும், ரத்தம்னா உள்ள இருக்கும். கழட்டித் திருப்பிப் பாரு."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்திருந்த கை முட்டிகள் வெளுத்திருந்தன. நான் சாக்ஸை மெதுவாகக் கழற்றினேன். திருப்பினேன். விளக்கடியில் பிடித்தேன். குதிகால், ஓரம், விரல் நுனி.

வெள்ளை. டப்பாவிலிருந்து எடுத்தபோது இருந்த அதே வெள்ளை. இரண்டாவது விரலைப் பார்த்தேன். ரோஜாத் தோல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அடுத்த காலையும் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.

அக்கா பெருமூச்சு விட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. பதினேழாவது டவர் மரத்தை வெட்டச் சொல்லிவிட்டாளாம். இருபத்தெட்டில் ஒரு பீங்கான் தட்டு விரிசல் விட்டிருந்ததாம், புது ஆள் பத்து வாரமாகப் பார்க்காமல் விட்டிருக்கிறானாம். ஓடை வற்றியிருந்ததாம். சொல்லிக்கொண்டே கூரையில் ஒயர் போகிற வழியைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

நான் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு டவர்களைக் கடந்து வந்த பாதம் என் இரண்டு கைக்குள் இருந்தது. புழுதியும் வியர்வையுமாக, சூடாக இருந்தது. அதை விட எனக்கு மனம் வரவில்லை.

பூட்ஸ் கடைகளில் போட்டுப் பார்ப்பதற்காகத் தரையோடு சாய்த்து ஒரு கண்ணாடி வைத்திருப்போம். பேச்சின் நடுவே அக்கா எதற்கோ தலையைக் கீழே இறக்கினாள். கண்ணாடியில் தன் பாதத்தையும் அதைப் பற்றியிருந்த என் கைகளையும் பார்த்தாள். பேச்சு நின்றது.

"எப்ப இருந்துடா என் காலைப் புடிச்சிட்டு இருக்க?"

"ரொம்ப நேரமாக்கா," என்றேன்.